சனிக்கிழமை இரவு சரிந்த பங்குச் சந்தை

மொழிபெயர்ப்புத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் 'ஜோசியர்'. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கையைத் தமிழில் தரச் சொல்லியிருந்தது. மொத்தமே எட்டு வரி. அதில் ஒரு வரி: 'தி எக்ஸ்சேஞ்ச் வில் பி டௌன் ஆன் சாட்டர்டே நைட்.' நான் எழுதிக் கொடுத்தது: 'சனிக்கிழமை இரவு பங்குச் சந்தை சரியும்.'

சனிக்கிழமை இரவில் எந்தப் பங்குச் சந்தை திறந்திருக்கிறது? சரியப்போவது முன்கூட்டியே தெரிந்தால் அந்த நிறுவனம் எதற்காகச் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்? இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. மைக்ரோசாஃப்ட் 1996 முதல் வெளியிட்டுவரும் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளுக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். பராமரிப்பு வேலைக்காகச் சனிக்கிழமை இரவு மெயில் ஓடாது, அவ்வளவுதான் சேதி. அச்சுக்குப் போகும் முன் யாரோ பார்த்துவிட்டார்கள். ஆனாலும் அடுத்த சில மாதங்களுக்கு அந்த அலுவலகத்துக்குள் நுழையும்போதெல்லாம் "வாங்க ஜோசியரே, திங்கக்கிழமை மார்க்கெட் எப்படி?" என்றுதான் வரவேற்பு.

அதற்குப் பிறகு ஒரு நோட்டில் அந்தச் சொல்லுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கினேன். நாலு போதாமல் இப்போது அது பாதி நோட்டைத் தின்றுவிட்டது. நான் பட்ட அடி, பிறர் பிரதியைத் திருத்தும்போது பார்த்த அடி, இரண்டும் அதில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் பயன்படலாம் என்று அதிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதல் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, நம்மிடம்தான். எக்ஸ்சேஞ்ச் என்று கண்ணில் பட்டவுடன் 'பரிமாற்றம்' என்று கை தானாக எழுதிவிடுகிறது. கைக்கு எட்டிய இடத்தில் ஒரு சொல் தயாராக இருப்பது எவ்வளவு வசதியோ அவ்வளவு ஆபத்து. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒரு செயலாக இருக்கும், ஒரு கட்டடமாக இருக்கும், அயல்நாட்டுப் பணமாக இருக்கும், வாய்ச்சண்டையாக இருக்கும், சதுரங்கப் பலகையில் யானைக்கும் குதிரைக்கும் உள்ள மதிப்பு வித்தியாசமாகக்கூட இருக்கும். பக்கத்தில் எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் இதற்குப் பொருள் சொல்ல முடியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு மூத்த மொழிபெயர்ப்பாளர். வங்கி ஆவணம் ஒன்றில் 'பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்' வந்திருந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல் 'பரிமாற்ற மசோதா' என்று போட்டிருந்தேன். பிரதியைப் படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த மசோதா எந்த நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு?"

"சார், அது... பில்னா மசோதாதானே?"

"உங்க வீட்டுக்குக் கரண்ட் பில் வருமே, அதுவும் மசோதாவா?"

பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு கட்டளைச் சீட்டு. நீங்கள் எனக்குப் பணம் தரவேண்டியவர். நான் இன்னொருவருக்குத் தரவேண்டியவன். 'இன்ன தேதியில் இவ்வளவு தொகையை இன்னாருக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று நிபந்தனை எதுவும் இல்லாமல் உங்களுக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் தாள்தான் மாற்றுச்சீட்டு. பழைய வணிகர் வழக்கில் உண்டியல். பிரிட்டனில் 1882இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி காசோலையும் ஒரு மாற்றுச்சீட்டுதான்: வங்கிக்குக் கட்டளையாக எழுதப்பட்டு, கேட்டவுடன் பணம் தரவேண்டிய மாற்றுச்சீட்டு. கப்பல் தபால் காலத்தில் வழியில் தொலைந்துபோகும் என்ற பயத்தில் ஒரே சீட்டை இரண்டு மூன்று பிரதிகளாக எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். எது முதலில் போய்ச் சேர்கிறதோ அதற்குப் பணம், மற்றவை செல்லாது. பழைய ஆவணங்களில் 'ஃபர்ஸ்ட் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்', 'செகண்ட் ஆஃப் எக்ஸ்சேஞ்ச்' என்று பார்த்தால் முதல் பரிமாற்றம், இரண்டாம் பரிமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே மாற்றுச்சீட்டின் முதல் பிரதி, இரண்டாம் பிரதி என்பதே பொருள்.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்ட இன்னொரு பள்ளம். 'ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்' அந்நியச் செலாவணி; அதில் யாரும் தவறுவதில்லை. நல்ல சொல்லும்கூட, 'செல்லும்' காசு என்ற ஓசை அதற்குள்ளேயே கேட்கிறது. ஆனால் 'ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்ட்' என்று மூன்று சொல் சேர்ந்து வந்தால்? திருத்துவதற்கு என்னிடம் வந்த ஒரு பிரதியில் 'அந்நியச் செலாவணி மாணவி' என்று இருந்தது. அந்தப் பெண்ணை எந்த விகிதத்தில் மாற்றிக் கொடுப்பார்கள் என்று யோசித்துச் சிரித்துவிட்டேன். முதல் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு பழகிவிட்டதால் வந்த வினை. பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவி என்பதே விஷயம். மூன்று சொல் வரிசையாக நின்றால் எது எதோடு ஜோடி என்று வலப்பக்கத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

எக்ஸ்சேஞ்ச் ரேட், அதாவது நாணய மாற்று விகிதம், இந்த விஷயத்தில் நான் செய்தது சிரிக்கிற தவறு அல்ல. ஒரு பொருளாதார அறிக்கையில், எக்ஸ்சேஞ்ச் ரேட் உயர்ந்ததால் ஏற்றுமதியாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்று இருந்தது. நான் 'டாலரின் மதிப்பு உயர்ந்து உள்நாட்டுப் பணம் சரிந்ததால்' என்று விளக்கம் சேர்த்து எழுதினேன். தெளிவுபடுத்துவதாக நினைப்பு. ஆனால் உள்நாட்டுப் பணம் சரிந்தால் ஏற்றுமதியாளருக்குப் பொதுவாக லாபம். அவர் பொருள் வெளியே மலிவாகிவிடுகிறது. அறிக்கை சொன்னது நேர் எதிர்: உள்நாட்டுப் பணம் வலுத்துவிட்டது, அதனால் பாதிப்பு. ஒரு பத்தி முழுவதும் தலைகீழ்.

விகிதத்தை இரண்டு விதமாகச் சொல்லலாம் என்பதே எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஒரு டாலருக்கு நம் பணம் எத்தனை என்று எண்ணுகிற இடத்தில் அந்த எண் ஏறினால் நம் பணம் இளைக்கிறது. பிரிட்டனில் வழக்கம் வேறு. ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர் என்று எண்ணுவார்கள். அங்கே எண் ஏறினால் பவுண்டு கொழுக்கிறது. யூரோவும் அப்படித்தான்: யூரோ–டாலர் 1.10 என்றால் ஒரு யூரோவுக்கு 1.10 டாலர். ஆகவே 'ரேட் உயர்ந்தது' என்று மட்டும் எழுதினால் எதுவும் சொன்னதாகாது. எந்தப் பணம் வலுத்தது என்று எழுதுங்கள். பணம் மாற்றும் கவுன்டர் பலகையிலும் இதே பார்வைச் சிக்கல் உண்டு. 'வீ பை', 'வீ செல்' என்ற இரண்டு வரிசையும் கவுன்டருக்கு உள்ளே இருப்பவரின் பார்வை. உங்கள் கையில் டாலர் இருந்து அதை மாற்றப்போனால் பார்க்கவேண்டியது 'வீ பை'. 'கமிஷன் கிடையாது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அவர்கள் பிழைப்பு.

கடைகளில் எழுதியிருக்கும் சொற்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரீஃபண்ட் என்றால் பணம் திரும்பி வரும்; ரீப்ளேஸ்மெண்ட் என்றால் அதே பொருள் வேறொன்று வரும்; எக்ஸ்சேஞ்ச் என்றால் வேறு அளவோ வேறு நிறமோ வேறு பொருளோ எடுத்துக்கொள்ளலாம், பணம் வராது. பிரிட்டனில் 'பார்ட் எக்ஸ்சேஞ்ச்' என்பது பழைய வண்டியைக் கொடுத்து, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கட்டிப் புது வண்டி எடுப்பது. பாதிப் பரிமாற்றம் அல்ல.

இதைவிட அதிகம் கவனிக்கவேண்டியது 'இன் எக்ஸ்சேஞ்ச் ஃபார்'. ஓர் ஒப்பந்தத்தின் நடுவே இது வந்தது: எழுத்தாளர் கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு உரிமம் தருகிறார். நான் எழுதினேன்: 'கட்டணத்துக்குப் பதிலாக ஆசிரியர் உரிமத்தை வழங்குகிறார்.' படித்த வழக்கறிஞர் அம்மா ஃபோன் செய்தார்.

"சார், இவருக்குக் கட்டணம் கிடையாதா?"

"உண்டே மேடம்."

"நீங்க எழுதினது அப்படி இல்லையே. கட்டணத்துக்குப் பதிலா உரிமம்னா, இவர் யாருக்கோ கட்டணம் கட்டவேண்டியவர், கட்ட முடியலை, அதனால உரிமத்தைக் கொடுத்துத் தீர்த்துக்கிறார்னு ஆகுது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. நம் 'பதிலாக' இரண்டு வேலை பார்க்கிறது. 'இன்ஸ்டெட் ஆஃப்' என்பதற்கும் அதுவே, 'இன் எக்ஸ்சேஞ்ச் ஃபார்' என்பதற்கும் அதுவே. பேச்சில் சூழல் காப்பாற்றிவிடும், ஒப்பந்தத்தில் காப்பாற்றாது. 'ஈடாக' கொஞ்சம் மேல். 'கைம்மாறாக' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் நன்றிக்கடன் வாசனை அடிக்கிறது, வணிகத்துக்கு ஒட்டாது. என் அனுபவத்தில் மிகவும் பாதுகாப்பானது ஒரு வினையெச்சம்: 'கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு உரிமத்தை வழங்குகிறார்.' யார் கையிலிருந்து எது போகிறது, யார் கைக்கு எது வருகிறது என்பது அந்தப் 'பெற்றுக்கொண்டு'வில் தெளிவாகிவிடுகிறது. இதைக் கற்ற பிறகு 'இன் எக்ஸ்சேஞ்ச்' வரும் எந்த வாக்கியத்தையும் தாளில் இரண்டு அம்புக்குறி போட்டுப் பார்த்த பிறகே தமிழில் எழுதுகிறேன். ஐம்பது வயதில் அம்புக்குறி போடுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வழக்கறிஞர்கள் ஃபோன் செய்வது நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இதே இடத்தில் நாம் செய்யும் தவறு வேறு. 'பழைய லேப்டாப்பைக் கொடுத்துப் புதிது வாங்கினேன்' என்பதை 'ஐ எக்ஸ்சேஞ்ச்ட் மை லேப்டாப் வித் எ நியூ ஒன்' என்று எழுதிவிடுகிறோம். 'வித்' ஆளுக்கு, 'ஃபார்' பொருளுக்கு. நண்பரோடு இருக்கை மாற்றிக்கொண்டால் 'வித் மை ஃப்ரெண்ட்'. லேப்டாப்புக்கு 'ஃபார் எ நியூ ஒன்'. லேப்டாப்போடு 'வித்' போட்டால், நீங்களும் லேப்டாப்பும் உட்கார்ந்து ஏதோ கொடுக்கல் வாங்கல் செய்ததுபோல் இருக்கும். இன்னொன்று, ஆளுக்கொன்று கைமாறினால் ஆங்கிலம் பன்மை கேட்கும்: 'எக்ஸ்சேஞ்ச்ட் நம்பர்ஸ்', 'எக்ஸ்சேஞ்ச்ட் சீட்ஸ்'. 'நம்பர் மாற்றிக்கொண்டோம்' என்று தமிழில் ஒருமையில் சொல்லிப் பழகியதால் அந்த 'ஸ்' நமக்கு விட்டுப்போகிறது. உச்சரிப்பிலும் ஒன்று: பெயராக இருந்தாலும் வினையாக இருந்தாலும் அழுத்தம் 'சேஞ்ச்' மேல்தான். முதல் அசையை அழுத்துவது நம் பழக்கம்.

பேச்சு சம்பந்தப்பட்ட தொடர்களில் நான் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் கணக்காளரோடு பில் பற்றி ஃபோனில் பேசினேன். நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். மறுநாள் வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும்போது கொஞ்சம் நல்ல ஆங்கிலமாக இருக்கட்டுமே என்று 'யுவர் அக்கவுன்டன்ட் அண்ட் ஐ எக்ஸ்சேஞ்ச்ட் வேர்ட்ஸ் யெஸ்டர்டே' என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார். "என்ன பிரச்சினை சார்? அவர் ஏதாவது மரியாதை இல்லாமப் பேசிட்டாரா? அவர்கிட்ட நான் பேசறேன்." எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'எக்ஸ்சேஞ்ச் வேர்ட்ஸ்' என்றால் பெரும்பாலும் வாய்த்தகராறு. நடுவில் 'எ ஃபியூ' சேர்த்து 'எக்ஸ்சேஞ்ச்ட் எ ஃபியூ வேர்ட்ஸ்' என்றால் இரண்டு வார்த்தை பேசினோம் என்ற சாது அர்த்தம். இரண்டு குட்டிச் சொற்கள் இல்லாததால் ஒரு கணக்காளரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். தமிழில்கூட 'வார்த்தை முற்றியது' என்றால் சண்டைதான், 'ரெண்டு வார்த்தை பேசினோம்' என்றால் சமாதானம்தான். அந்த ஒற்றுமை அன்று நினைவுக்கு வந்திருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் சுபாவம் அறிந்து பழகவேண்டிய உறுப்பினர்கள் நிறைய. 'எக்ஸ்சேஞ்ச் பிளெசன்ட்ரீஸ்' என்றால் 'சௌக்கியமா' அளவிலான பேச்சு. அதைத் தாண்டி எதுவும் பேசவில்லை என்ற குறிப்பும் சில நேரம் அதில் இருக்கும். 'ஹீட்டட் எக்ஸ்சேஞ்ச்' என்றால் வாக்குவாதம். சூடான பரிமாற்றம் என்று எழுதினால் படிக்கிறவருக்குத் தட்டும் தம்ளரும் நினைவுக்கு வரும். 'எக்ஸ்சேஞ்ச் ப்ளோஸ்' அடிதடி. இராஜதந்திர அறிக்கைகளில் வரும் 'ஃபிராங்க் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் வியூஸ்' இவற்றிலெல்லாம் பெரிய கள்ளன். 'மனம்விட்டுப் பேசினார்கள்' என்று எழுதினால் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டது போல் ஆகிவிடுகிறது. உள்ளே பலத்த கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மரியாதையாகச் சொல்ல அவர்கள் கைக்கொள்ளும் தொடர் அது. நான் இப்போது 'தத்தம் நிலைப்பாட்டை வெளிப்படையாக எடுத்துரைத்தனர்' என்று எழுதுகிறேன். 'தத்தம்' என்ற சொல்லில் வேறுபாடு ஒளிந்துகொள்கிறது. அதே உலகத்தில் 'எக்ஸ்சேஞ்ச் ஆஃப் நோட்ஸ்' என்பது வகுப்பில் நோட்டு மாற்றிக்கொள்வது அல்ல, ஒருவகை உடன்படிக்கை. ஒரு நாடு 'நாம் ஒப்புக்கொண்டது இது' என்று கடிதம் எழுதும். மற்றது 'ஆம், இதுவே' என்று பதில் எழுதும். இரண்டு கடிதமும் சேர்ந்து ஒப்பந்தமாகிவிடும்.

'எக்ஸ்சேஞ்ச் ஆஃப் ஃபயர்' பற்றியும் ஒரு வார்த்தை. 'தீப் பரிமாற்றம்' என்று ஒரு செய்திப் பிரதியில் பார்த்தேன், மென்பொருள் செய்த வேலை. திருத்தியவர் 'துப்பாக்கிச் சூடு' என்று மாற்றியிருந்தார். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் அதையும் மாற்றச் சொன்னேன். துப்பாக்கிச் சூடு என்றால் ஒரு தரப்பு மட்டும் சுட்டிருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் என்று சொல்பவர் இரண்டு தரப்பும் சுட்டன என்று ஒரு வாதத்தையே வைக்கிறார். அந்த வாதம் பொய்யாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை, ஆனால் அதை விழுங்கிவிடவும் கூடாது. 'இரு தரப்பும் மாறிமாறிச் சுட்டுக்கொண்டதாக இன்னார் கூறினார்' என்று, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

தமிழ் 'பரிமாறு'வில் அந்த இரண்டு பக்கம் கட்டாயம் இல்லை என்பது இங்கே கவனிக்கவேண்டியது. சாப்பாடு பரிமாறுகிறவருக்குப் பதிலுக்கு ஒன்றும் வருவதில்லை. 'கொள்' சேரும்போதுதான், பரிமாறிக்கொள் என்னும்போதுதான், எதிர்ப்பக்கம் உயிர்பெறுகிறது. எங்கே பெயர்ச்சொல் இடிக்கிறதோ அங்கே வினையாக்கி 'கொள்' சேர்த்துப் பார்ப்பேன். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் ஓர் இடமாக வரும்போது எனக்குப் பிடித்த கதைகள் இருக்கின்றன. வணிகர்கள் கூடிப் பேரம் பேசிய கட்டடத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. லண்டனில் தாமஸ் கிரெஷம் என்ற வணிகர் கட்டியதற்கு 1571இல் முதலாம் எலிசபெத் ராணி 'ராயல் எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர் சூட்டினார். இரண்டு முறை தீயில் அழிந்து, இப்போது நிற்பது 1844இல் திறந்த மூன்றாவது கட்டடம். மான்செஸ்டரிலும் ஒரு ராயல் எக்ஸ்சேஞ்ச் உண்டு. பருத்தி வணிகம் நடந்த அந்தப் பெரிய மண்டபத்துக்குள் 1976இல் ஒரு நாடக அரங்கம் வந்தது. 'அவர்கள் மாலையில் ராயல் எக்ஸ்சேஞ்சுக்குப் போனார்கள்' என்று ஒரு கதையில் வந்தால், போனது பேரம் பேசவா, நாடகம் பார்க்கவா? எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பல ஊர்களில் 'கார்ன் எக்ஸ்சேஞ்ச்' என்ற பெயரில் இசை நிகழ்ச்சி நடக்கும் மண்டபங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் தானியம் விற்ற இடங்கள். அப்படிப்பட்ட பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

'லேபர் எக்ஸ்சேஞ்ச்' என்றால் வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நம்பி ஒருமுறை முழு அத்தியாயத்தையும் கெடுக்க இருந்தேன். பிரிட்டனில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு திறந்த லேபர் எக்ஸ்சேஞ்சுகள் வேலை தேடுகிறவரையும் வேலை தருகிறவரையும் சேர்த்துவைத்தவை. ஆனால் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அத்தியாயம் 1832ஐப் பற்றியது. அந்த ஆண்டு ராபர்ட் ஓவன் என்ற சமூகச் சீர்திருத்தவாதி லண்டனில் திறந்த லேபர் எக்ஸ்சேஞ்சில் யாரும் வேலை தேடவில்லை. கைவினைஞர்கள் தாங்கள் செய்த பொருளைக் கொண்டுவந்து கொடுத்து, அதைச் செய்ய ஆன உழைப்பு நேரத்துக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சீட்டைக் கொடுத்து வேறொருவர் செய்த பொருளை எடுத்துக்கொள்வார்கள். பணத்துக்குப் பதில் மணிநேரம். உழைப்பே அங்கே நாணயம். சில ஆண்டுகூட நிற்கவில்லை அந்த முயற்சி. 'வேலைவாய்ப்பு அலுவலகத்தில் செருப்பைக் கொடுத்துச் சீட்டு வாங்கினார்' என்று எழுதிவிட்டு, என்னடா இது என்று நானே நிமிர்ந்தேன். வாக்கியம் அசட்டுத்தனமாக இருந்தால் ஆசிரியரைச் சந்தேகிக்கும் முன் நம்மைச் சந்தேகிக்கவேண்டும்.

டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் தெரிந்ததுதான், தொலைபேசி இணைப்பகம். 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதல் வணிக இணைப்பகம் திறந்தது. அங்கே ஆள் உட்கார்ந்து கையாலேயே இணைத்தார்கள். கேன்சஸ் சிட்டியில் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர், இறுதிச்சடங்குத் தொழில் செய்தவர். தன் வாடிக்கையாளர்களின் அழைப்பை இணைப்பகத்தில் இருப்பவர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம் என்பார்கள். அவர் 1891இல் காப்புரிமை பெற்றது தானியங்கி இணைப்பகத்துக்கு. மொழிபெயர்ப்பவருக்கு வேண்டிய தகவல் இன்னொன்று: அமெரிக்கக் கதைகளில் 'எக்ஸ்சேஞ்ச்' என்பது தொலைபேசி எண்ணில் ஏரியா கோடுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களையும் குறிக்கும். துப்பறிவாளர் எக்ஸ்சேஞ்சை வைத்து வட்டாரத்தைக் கண்டுபிடித்தார் என்றால் அவர் இணைப்பகத்துக்கு நடந்து போகவில்லை, எண்ணைப் பார்த்தார்.

அறிவியல், சட்டம் இரண்டிலும் எக்ஸ்சேஞ்ச் வரும்போது ஒரே கேள்வி கேட்கிறேன்: உண்மையில் ஏதாவது கைமாறுகிறதா? நுரையீரலில் மாறுகிறது, ஆக்சிஜன் உள்ளே, கார்பன் டை ஆக்சைடு வெளியே. கடின நீரை மென்மையாக்கும் ரெசின் என்ற செயற்கைப் பிசினிலும் மாறுகிறது. ஒரு கால்சியம் அயனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியம் அயனியை விடுகிறது, மின்னூட்டக் கணக்கு சரியாக நிற்கிறது. வெப்பப் பரிமாற்றியில் வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்; பதிலுக்கு ஒன்றும் வருவதில்லை. இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது 'எக்ஸ்சேஞ்ச் ஆஃப் கான்ட்ராக்ட்ஸ்' என்று ஒரு கட்டம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பிரதிகளில் தனித்தனியே கையெழுத்திட்டு மாற்றிக்கொள்வது. இப்போதெல்லாம் வழக்கறிஞர்கள் ஃபோனிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்த நொடிவரை யார் வேண்டுமானாலும் விலகலாம். அதற்குப் பிறகு சட்டம் கட்டிப்போட்டுவிடும். 'ஒப்பந்தப் பரிமாற்றம்' என்று எழுதினால் இந்தக் கனம் தெரியாது. 'ஒப்பந்தம் உறுதியானது' என்று எழுதிவிட்டு அடைப்பில் ஒரு வரி விளக்கம் சேர்த்தேன்.

கணினிப் பாதுகாப்பில், செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் இரகசிய எண்ணுக்குச் சாவி என்று பெயர். அங்கே வரும் 'கீ எக்ஸ்சேஞ்ச்' இதில் உச்சம். டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1976இல் வெளியிட்ட முறையில் இரகசியச் சாவி பயணமே செய்வதில்லை! இரண்டு பக்கமும் எல்லோரும் பார்க்கக்கூடிய எண்களை அனுப்பிக்கொள்கின்றன, தன்னிடம் மட்டும் உள்ள இரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இருவருக்கும் ஒரே விடை வருகிறது, அதுவே சாவி. 'சாவிப் பரிமாற்றம்' என்று படித்த ஒரு மாணவர் "நடுவழியில் யாராவது சாவியைத் திருடிட்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, சொல்தான் அவரை ஏமாற்றியது.

சதுரங்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. காயும் காயும் வெட்டுப்பட்டால் அது சாதாரண எக்ஸ்சேஞ்ச். ஆனால் முன்னால் 'தி' வந்தால் பொருள் மாறுகிறது. ஒருவர் தன் குதிரையையோ மந்திரியையோ இழந்து எதிராளியின் யானையை எடுத்தால் அவர் 'தி எக்ஸ்சேஞ்ச்' வென்றார். குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று புள்ளி, யானைக்கு ஐந்து என்பது வழக்கமான கணக்கு. நடுவே உள்ள அந்த இரண்டுக்குத்தான் பெயர். வேண்டுமென்றே யானையைக் கொடுத்துக் குதிரையையோ மந்திரியையோ வாங்குவது 'எக்ஸ்சேஞ்ச் சாக்ரிஃபைஸ்'. 1963 முதல் 1969 வரை உலக சாம்பியனாக இருந்த பெட்ரோசியன் இதற்குப் பேர்போனவர். 'பரிமாற்றத்தைத் தியாகம் செய்தார்' என்று எழுதியிருந்ததை 'குதிரைக்கு யானையைக் கொடுத்தார்' என்று திருத்தினேன். சதுரங்கம் தெரியாதவருக்கும் புரிந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் அடிக்காமல் ஒன்று இருக்கிறது. ஒரு நாவலில் அம்மா ஏதோ சொல்கிறாள். அக்காவும் தம்பியும் 'எக்ஸ்சேஞ்ச்ட் எ க்லான்ஸ்'. 'ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்' என்று எழுதினேன். அம்மாவுக்குத் தெரியாமல் நடந்தது என்பது அதில் இல்லை. 'கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்' என்றால் காதலர்கள் ஆகிவிடுகிறார்கள். 'கண்ஜாடை காட்டிக்கொண்டார்கள்' என்றால் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் 'அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்' என்று இரண்டு வாக்கியமாக அனுப்பினேன். பதிப்பாசிரியர் இரண்டாவது வாக்கியத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.